பையப் பாத்துக்க, சாகிரா

லப்பைக்குடிக்காட்டு சாகிராவுக்கு வயது நாற்பத்தேழு. மூன்று தடவை குற்றாலம் போயிருக்கிறாள். மூன்று தடவையும் தலை நனையாமல் திரும்பி வந்திருக்கிறாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள். அருவிக்கு எதிரே, எண்ணெய்க் கடை ஓரமாக, பத்துப் பன்னிரண்டு பைகளுக்கு நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாளே, நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குத் துண்டை எடுத்து நீட்டி, ஈரத்துணியை வாங்கிப் பிழிந்து கவரில் திணித்துக்கொண்டு, அவள்தான். எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒருத்தி இருப்பாள். இந்தக் குடும்பத்தில் அவள் பெயர் சாகிரா.

எட்டு வயதில் பிடித்தது இந்தச் சனி. நாகூர் கந்தூரிக்குப் போன இடத்தில் அவளுடைய அத்தா ஐந்து ஜோடிச் செருப்பையும் ஒரு தூக்குவாளியையும் அவள் முன்னால் வைத்து, “நீ இங்கனயே இரு, நாங்க உள்ள போயிட்டு வந்துடறோம்” என்றார். இருந்தாள். ஒரு செருப்புகூடக் காணாமல் போகவில்லை. அங்கேதான் தப்புச் செய்தாள். ஒற்றைச் செருப்பையாவது தொலைத்திருந்தால் பிழைத்திருப்பாள். ‘சாகிராகிட்ட குடுத்தா பத்திரமா இருக்கும்’ என்று அன்றைக்கு எடுத்த நல்ல பெயர், கல்யாணமாகி மீரான் வீட்டுக்கு வந்தபோது சீர் சாமான்களோடு சேர்ந்து வந்துவிட்டது.

அப்புறம் கேட்கவா வேண்டும்? நிக்காஹ் நடக்கிற மண்டபத்தில் எல்லோரும் மேடை ஏறிப் போட்டோ எடுத்துக்கொள்ளும்போது, பின் அறையில் பாயைப் போட்டுக்கொண்டு பைகளோடு சாகிரா. திருச்சி ஆஸ்பத்திரியில் யாரையாவது சேர்த்தால், நோயாளியைப் பார்க்க மற்றவர்கள் போவார்கள். பிளாஸ்க்கும் பாயும் சாகிராவும் கீழே மரத்தடியில். ஏர்போர்ட்டில் இன்னும் மோசம். துபாயிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற புருஷனை அவர் தங்கச்சி கட்டிப்பிடிப்பாள், தம்பி கட்டிப்பிடிப்பான், தெருவில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் கட்டிப்பிடிக்கும். வேன் பக்கத்தில் பைகளைக் காத்துக்கொண்டு நிற்கிற பெண்டாட்டி கடைசியாகத்தான் அவர் முகத்தைப் பார்ப்பாள். மீரானும் “என்னா சாகிரா, நல்லாருக்கியா?” என்று கேட்டபடியே தோளில் கிடக்கிற பையைக் கழற்றி அவளிடம் கொடுப்பார்.

அவளுக்கும் ஒரு பெருமை இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. எந்தப் பையில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். “சாகிரா, தைலம் எங்க?” “மச்சி, சார்ஜர் எங்க?” “அம்மா, என் சீப்பு எங்க?” கேட்டு வாய் மூடுவதற்குள் கையில் வந்துவிடும். அந்தப் பெருமைதான் அவள் கழுத்தில் விழுந்த சுருக்கு என்பது அவளுக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

இத்தனைக்கும் தண்ணீரைக் கண்டு பயப்படுகிறவளா? வெள்ளாற்றில் இரண்டு கரை தொட்டுத் தண்ணீர் போன வருஷம் அவளுக்குப் பன்னிரண்டு வயது. நீந்திப் போய் அக்கரைத் திட்டக்குடி மணலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். கூட இறங்கிய பையன்கள் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் பெரிய மனுஷி ஆனாள். இனிமேல் ஆற்றுப் பக்கம் போகக்கூடாது என்றார்கள். அன்றைக்குக் கரை ஏறியவள்தான். முப்பத்தைந்து வருஷமாக வாளித் தண்ணீரும் சொம்பும்தான்.

இந்தக் கோடையில் மீரான் நாற்பது நாள் லீவில் வந்தார். அவருக்கு அங்கே ஒரு கம்பெனி கோடவுனில் ஸ்டோர் கீப்பர் வேலை. இருபத்துமூன்று வருஷமாக அதே கோடவுன், அதே சாவிக்கொத்து. காலேஜில் படிக்கிற மகன் ஜாவித், “அத்தா, இந்தத் தடவை மெட்ராஸ் பக்கம் தீம் பார்க் போவோம். பெரிய அலைக்குளம் இருக்கு” என்றான். மீரானின் தம்பி குடும்பம், தங்கச்சி மர்ஜியா, மர்ஜியாவின் மகள் இனாயா என்று பதின்மூன்று பேர் சேர்ந்தார்கள். ஜாவித் டிக்கெட் போட்டான். பார்க்காரர்கள் அனுப்பிய விதிமுறைகளைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான். பதின்மூன்று பேரில் அதைப் படித்தது ஒரே ஒரு ஜீவன். வடை மடித்துக் கொடுக்கிற காகிதத்தைக்கூட எண்ணெய் துடைத்துப் படிக்கிறவள் சாகிரா, இதை விடுவாளா? மூன்று முறை படித்தாள்.

தண்ணீரில் இறங்க நைலான், பாலியஸ்டர் துணி மட்டும். பருத்தி கூடாது, நூல் பிரிந்து பம்பில் அடைக்கும். சேலை, சுடிதார், துப்பட்டா, புர்கா, ஜீன்ஸ் எதுவும் கூடாது. நகை வேண்டாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். வெளிச் சாப்பாடு அனுமதி இல்லை. மாற்றுத்துணி, துண்டு, ஈரத்துணிக்குக் கவர், வழுக்காத செருப்பு கொண்டுவரவும். இவ்வளவுதான். தமிழில்தான் போட்டிருந்தது.

இரண்டு வீடு தள்ளியிருக்கிற மர்ஜியாவிடம் போய்ச் சொன்னாள்.

“மர்ஜியா, இனாயாவுக்கு சுடிதார் எடுத்து வைக்காத. உள்ள விட மாட்டாங்களாம். பெரம்பலூர் போயி நைலான்ல ஒரு செட்டு எடுத்துட்டு வந்துடு. முழுக்கை, முழுக்காலு எல்லாம் கெடைக்குது.”

“அட போ மச்சி. குளிக்கப் போறதுக்கு எவளாவது புதுத்துணி எடுப்பாளா? பழைய சுடிதாரு போதும். ஆயிரம் பேரு குளிக்கிற எடத்துல நம்ம துணி என்னா துணின்னு எவ வந்து தடவிப் பாக்கப் போறா?”

“தடவித்தான் பாப்பாங்களாம். போட்டிருக்கு.”

“சரி, நீ எதுக்கு இவ்ளோ அக்கறையா படிச்சுட்டு வந்துருக்க? நீயா தண்ணிக்கு எறங்கப் போற?”

மர்ஜியா சிரித்தாள். கெட்ட மனசோடு சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் எரிந்தது. காக்கா கறுப்பு, சாகிரா பைக்குக் காவல் என்கிற மாதிரி இயல்பாகச் சிரித்தாள்.

“வெளிச் சாப்பாடும் கூடாதாம்” என்றாள் சாகிரா.

“அதெல்லாம் அப்படித்தான் போடுவானுங்க. நீ நெய்ச்சோறு ஆக்கிடு. அடியில வச்சு மேல ரெண்டு துண்டப் போட்டா தெரியவா போவுது?”

செவிடன் காதில் சங்கு ஊதினால் சங்குக்குத்தான் நஷ்டம். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தாள். சேலைகளுக்கு அடியில், கருநீலத்தில், அது இருந்தது.

அதன் கதை வேறு. போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மீரான் கடற்கரையில் நின்றுகொண்டு வீடியோவில் பேசினார். அவருக்குப் பின்னால் சாகிரா வயதுள்ள ஒரு பெண்மணி, தலையிலிருந்து கணுக்கால் வரை மூடிய உடுப்போடு, கையை வீசிக்கொண்டு கடலுக்குள் போனாள். புருஷன் பேசியது ஒன்றும் சாகிராவின் காதில் விழவில்லை. “ஏங்க, அந்தம்மா போட்டிருக்கே, அது என்னா துணி?” என்று கேட்டாள். குளிக்கிற துணி என்றார். “எனக்கு அது ஒண்ணு வேணும்” என்றாள். இருபத்துமூன்று வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அது.

வெளிநாட்டுச் சபுர் போய் வந்தவர் பெட்டியைக் கூடத்தில் வைத்து, எல்லோர் முன்னாலும் பிரிப்பது அந்த ஊர் வழக்கம். சோப்பு இன்னாருக்கு, போர்வை இன்னாருக்கு, தைலம் தெருவுக்கே. பெண்டாட்டிக்கு எது என்று தனியாக எழுதி ஒட்டியிருக்காது. பிரித்துக் கொடுத்து மிஞ்சியது அவளுக்கு. இந்தத் தடவை மர்ஜியா கருநீலத் துணியைத் தூக்கிப் பிடித்து, “இது இனாயாவுக்காண்ணே?” என்று கேட்டாள். மீரான் வாயைத் திறக்கவில்லை. உரியவர் வாய் திறக்காவிட்டால் பொருள் கைமாறிவிடும், அதுவும் வழக்கம்தான். சாகிரா எழுந்து போய் அதைப் பிடுங்கினாள். “எனக்கு” என்றாள். கூடமே சிரித்தது. “இந்த வயசுல ஒனக்கு எதுக்கு மச்சி?” என்றாள் மர்ஜியா. அதற்குப் பதில் சொல்லியிருந்தால் அன்றைக்கே ரகளை ஆகியிருக்கும்.

கிளம்புகிற அன்று சுப்ஹு தொழுகைக்கு முன்னால் எழுந்து பதின்மூன்று பேருக்கு நெய்ச்சோறு ஆக்கினாள். பைகளைக் கட்டினாள். பதினொரு பை. எல்லோருடைய துண்டும், எல்லோருடைய மாற்றுத்துணியும் அவள் மடித்ததுதான். கடைசியாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் கருநீல உடுப்பைப் போட்டு, அதற்கு மேல் புர்காவைப் போட்டுக்கொண்டாள். அங்கே போய் மாற்றுகிறேன் என்றால் யாராவது ஒரு பையைக் கொடுத்து மடக்கிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மே மாத வெயிலில், வேனில், ஐந்து மணி நேரம், நைலானுக்கு மேல் புர்கா. தொழுதூரில் மெயின் ரோடு ஏறுவதற்குள் முதுகு தொப்பலாகிவிட்டது. திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது கழுத்தெல்லாம் வேர்க்குரு. சாகிரா ஒரு வார்த்தை முனகவில்லை. இன்றைக்கு அலையில் இறங்காமல் ஊர் திரும்புவதில்லை என்று வைராக்கியம்.

பார்க் வாசலில் பையைத் திறந்து பார்த்தார்கள். துண்டைத் தூக்கினார்கள். நெய்ச்சோறு பிடிபட்டது. வேன் டிரைவர் பிரேம் வந்து அண்டாவை வாங்கிக்கொண்டு, “கவலைப்படாதீங்கக்கா, இது என் பொறுப்பு” என்று சந்தோஷமாகப் போனான்.

“மச்சி, நீ சரியா மறைச்சு வைக்கல” என்றாள் மர்ஜியா.

சாகிரா அவளைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணால் எரிக்க முடியுமென்றால் அன்றைக்கு ஒரு பிடி சாம்பல் கிடைத்திருக்கும்.

முதலில் ராட்டினங்கள். ராட்சதப் படகு, தலைகீழாகச் சுற்றுகிற சக்கரம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் செல்போன், கண்ணாடி, வாட்ச், தொப்பி எல்லாம் சாகிராவின் மடியில் வந்து விழுந்தன. மீரான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்து, “பையப் பாத்துக்க சாகிரா” என்றார். எல்லோரும் வானத்தில் கிடந்து அலறினார்கள். அவள் வேப்பமர நிழலில் பெஞ்சில் உட்கார்ந்து, வேர்க்குருவைச் சொறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இருக்கட்டும், இது பம்பரம் மாதிரி சுற்றுகிற சமாசாரம், நமக்கு வேண்டாம், தண்ணீர் வரட்டும்.

மதியம் தொழுதுவிட்டு, தம்பி குடும்பம் மறுபடி ராட்டினத்துக்குப் போக, மற்றவர்கள் அலைக்குளத்துக்கு வந்தார்கள். பெரிய குளம். நடுவில் கயிறு கட்டி, ஒரு பக்கம் பெண்களுக்கென்று தனியாக விட்டிருந்தார்கள். சைரன் ஊதினால் அலை வரும், கால் மணி நேரம் அடிக்கும், நின்றுவிடும். அடுத்த அலைக்கு இன்னும் பத்து நிமிஷம் என்றார்கள். படியில் இறங்குகிற இடத்தில் ஒரு காவல்காரப் பெண், சட்டையில் நர்மதா என்று பெயர் குத்தியிருந்தது. வருகிறவர்கள் துணியை இரண்டு விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனாயாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். “இது காட்டன்மா. எறங்க முடியாது.” மர்ஜியாவையும் நிறுத்தினாள். “உங்களுதும் காட்டன்க்கா.”

இனாயாவுக்கு முகம் செத்துவிட்டது. பத்தொன்பது வயசுப் பிள்ளை, ஒரு வாரமாக அலைக்குளம் அலைக்குளம் என்று தூங்காமல் கிடந்தது. மர்ஜியா கொஞ்ச நேரம் சண்டை போட்டுப் பார்த்தாள். நர்மதா அசையவில்லை. “அந்தக் கடையில வாடகைக்குத் துணி இருக்குக்கா. முழுசா மூடுறதும் இருக்கு” என்றாள்.

“கண்டவ போட்ட துணிய எம்மவ போடுவாளா? த்தூ” என்றாள் மர்ஜியா. பிறகு சாகிராவின் பக்கம் திரும்பினாள். அவள் கண் புர்காவின் கீழ் விளிம்பில் நின்றது. நடக்கும்போது அங்கே கருநீலம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

“மச்சி! நீதான் அண்ணன் கொண்டாந்ததப் போட்டுட்டு வந்துருக்கியே! அதக் கழட்டி இவகிட்ட குடுத்துடு.”

“நான் போட்டிருக்கேன் மர்ஜியா.”

“அதான் சொல்றேன், கழட்டிக் குடு. நீ எப்படியும் பையப் பாத்துக்கிட்டு ஒக்காரத்தான போற?”

“காலையிலேந்து வேர்த்து ஊறிக் கெடக்கு. கண்டவ போட்டது ஆகாது, நான் போட்டது மட்டும் ஆகுமா?”

“நீ நம்மூட்டு ஆளு.”

சாகிரா மீரானைப் பார்த்தாள். பாலியஸ்டர் டவுசரும் பனியனுமாக, தண்ணீரில் இறங்கத் தயாராக நின்றார் மீரான். யாருக்கு வாங்கி வந்தேன் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும்.

“குடுத்துடு சாகிரா” என்றார். “சின்னப் புள்ள, ஆசைப்படுது. ஒனக்கு அடுத்த லீவுல வேற வாங்கிட்டு வரேன், இன்ஷா அல்லாஹ்.”

உடுப்பு மாற்றுகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள் சாகிரா. கழற்றத்தான் போனாள். மறைப்பானேன், கழற்றத்தான் போனாள். நாற்பது வருஷப் பழக்கம் கைக்கு. புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோய் ஜிப்பைப் பாதிவரை இறக்கினாள். கண்ணாடியில் தெரிந்த பெண்பிள்ளைக்குக் கழுத்தெல்லாம் சிவந்து, கண்ணெல்லாம் நீர் கட்டி நின்றது. அழுகையா கோபமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

கதவுக்கு வெளியே மர்ஜியாவின் குரல் கேட்டது. “சீக்கிரம் மச்சி, சைரன் ஊதப் போறான். வர்றப்ப அந்தச் செவப்புப் பையையும் தூக்கிட்டு வந்துடு, கைக்குட்டை அதுலதான் இருக்கு.”

துணி கேட்டதைக்கூடத் தாங்கியிருப்பாள். அந்தச் சிவப்புப் பைதான் தாங்கவில்லை. குனியக் குனியக் குட்டுகிறவர்களுக்குக் கை வலிக்காது. குனிகிறவளுக்குத்தான் ஒருநாள் முதுகு வலிக்கும். ஜிப்பைச் சரட்டென்று மேலே இழுத்தாள். தலைமூடியை நெற்றிவரை இறக்கி, முடியை உள்ளே தள்ளி, கழுத்துப் பட்டையை மாட்டினாள். புர்காவை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

“என்னா சாகிரா இது?” என்றார் மீரான்.

“நீங்க வாங்கிட்டு வந்ததுதான்.”

சிவப்புப் பையை அவர் தோளில் மாட்டினாள். புர்காவை மடித்து அதற்குள் வைத்தாள். நீலப் பையை அடுத்த தோளில். மீதி ஒன்பதையும் பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் அடுக்கினாள். “பையப் பாத்துக்கங்க” என்றாள். மர்ஜியா என்னவோ சொன்னாள். நர்மதா அவள் கைத்துணியை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, “போங்கக்கா” என்றாள்.

முழங்கால், இடுப்பு, மார்பு. தண்ணீர் ஏறியது. வேர்க்குரு அடங்கியது. யா அல்லாஹ், தண்ணீர் இவ்வளவு குளிர்ச்சியாக இருக்குமா? சைரன் ஊதியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண்கள் கத்தினார்கள். முதல் அலை வந்து சாகிராவைத் தூக்கியது. கால் தரையை விட்டது. கை தானாக வீசியது. முப்பத்தைந்து வருஷம் சும்மா கிடந்த கை, ஒன்றையும் மறந்திருக்கவில்லை. தலையை உள்ளே விட்டு வெளியே எடுத்தாள். நனைந்தது. நாற்பத்தேழு வயதில் தலை நனைந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தாள், தண்ணீர் போய்ப் புரையேறியது.

இருமிக்கொண்டே கரைப்பக்கம் திரும்பினாள். அப்போதுதான் பார்த்தாள்.

மீரான் ஆண்கள் பக்கத்துப் படியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ஜாவித்தின் மேல் நீரை வாரி அடித்துக்கொண்டிருந்தார். கரையில் பெஞ்சு. பெஞ்சில் இனாயா. சுற்றிலும் பத்துப் பைகள், மடியில் சிவப்புப் பை. காய்ந்த சுடிதாரோடு, முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பிள்ளை. மர்ஜியாவைக் காணவில்லை.

அலை அடித்துக்கொண்டுதான் இருந்தது. கால் மணியில் பாதிகூட ஆகவில்லை. சாகிரா கரை ஏறினாள். உடம்பிலிருந்து நீர் ஒழுக ஒழுக நேரே பெஞ்சுக்கு வந்தாள்.

“ஒங்கம்மா எங்க?”

“ஐஸ்கிரீம் வாங்கப் போயிருக்கு மாமி.”

“பையக் குடுத்தது யாரு?”

“மாமு. அம்மாவும் சரின்னுடுச்சு.” இனாயா தலையைக் குனிந்துகொண்டாள். “ஒனக்குத்தான் துணி இல்லையே, நீ இங்கனயே இருன்னுச்சு.”

இங்கனயே இரு. அத்தாவின் குரலும் ஐந்து ஜோடிச் செருப்பும் சாகிராவுக்கு ஞாபகம் வந்தன. அதுவரைக்கும் வந்தது எல்லாம் கோபமே இல்லை என்று சொல்லும்படி ஒரு கோபம் வந்தது. அவளுக்காக வந்த கோபத்தை விழுங்கப் பழகியிருந்தாள். இதை விழுங்கத் தெரியவில்லை. குளத்தின் ஓரத்துக்குப் போய் நின்றாள்.

“ஜாவித் அத்தா!”

அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கேட்காதவர் யாரும் இல்லை. மீரான் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“மேல வாங்க!”

வந்தார். “ஏன் இப்படிக் கத்தற? நாலு பேரு பாக்குறாங்க.”

“பாக்கட்டும். குத்தாலத்துல மூணு தடவை நான் காய்ஞ்சுபோயி ஒக்காந்திருந்தப்ப எவன் பாத்தான்? நீங்க பாத்தீங்களா? பைய யாருகிட்ட குடுத்துட்டுப் போனேன் நான்?”

“அது சும்மாத்தான ஒக்காந்திருக்கு...”

“சும்மா ஒக்காந்திருக்கல. நீங்க ஒக்கார வச்சுருக்கீங்க. என்னைய ஒக்கார வச்சு முடிஞ்சுது, இப்ப இவளா? ஒருத்தி எந்திரிச்சா அந்த எடத்துல இன்னொருத்தி ஒக்காந்தே ஆவணுமா?”

மீரான் குரலைத் தாழ்த்தினார். “வெவரம் இல்லாம பேசாத சாகிரா. ஆம்பள போயி பைய மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கறதா? பாக்குறவன் சிரிக்க மாட்டானா?”

“ஏன், பை கடிக்குமா? இருவத்துமூணு வருஷமா ஊரான் சாமானத்தான பாத்துக்கறீங்க? அங்க யாரும் சிரிக்கலியே! சம்பளம் குடுத்தா காவல் காக்குறது கௌரவம், பொண்டாட்டி புள்ள தண்ணியில எறங்க காவல் காத்தா கேவலமா? நீங்க சபுர்லேந்து வந்தீங்கன்னு எல்லாரும் ஒங்களக் கட்டிப்புடிக்கறப்ப நான் ஒங்க பையக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு நாளாவது கேட்டீங்களா, வா சாகிரா, நான் பாத்துக்கறேன், நீ போயி நனைஞ்சுட்டு வான்னு? ஒரே ஒரு நாளு?”

மீரான் குனிந்து டவுசர் நுனியைப் பிழிந்தார். தண்ணீருக்குள் நின்ற ஜாவித், “அத்தா, அம்மா சொல்றது...” என்று ஆரம்பித்தான். “நீ சும்மா இருடா” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

சாகிரா இனாயாவின் மடியிலிருந்து சிவப்புப் பையை எடுத்தாள். மீரானின் கையைப் பிடித்து இழுத்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள். பையை அவர் மடியில் வைத்தாள். வைத்தாள் என்ன, போட்டாள்.

“வாடி” என்றாள் இனாயாவிடம்.

“அம்மா திட்டும் மாமி. வாடகைத் துணி வேணாம்னுச்சு.”

“கொதிக்கிற தண்ணியில அலசித்தான் வச்சுருப்பாங்க. ஒங்கம்மா கேட்டா நான் போட்டு விட்டேன்னு சொல்லு. என்கிட்ட வரச் சொல்லு அவள. இன்னிக்கு நான் எல்லாருக்கும் வச்சுருக்கேன்.”

கடையில் முழுக்கை, முழுக்கால், தலைமூடி எல்லாம் இருந்தது. பழுப்பு நிறம், இடுப்பில் கொஞ்சம் தொளதொளவென்று. சாகிரா இடுப்புக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டாள். நர்மதா தடவிப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே படிக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தூக்கி வழி விட்டாள்.

அதற்குள் முதல் அலை நின்றுபோயிருந்தது. அடுத்ததற்கு முக்கால் மணி நேரம் என்றார்கள். இருந்தால் என்ன, தண்ணீர் எங்கும் ஓடிப்போய்விடவில்லை. இடுப்பளவு நீரில் இனாயாவை மல்லாத்திப் படுக்க வைத்து, முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள் சாகிரா. பிள்ளை முதலில் பயந்து கழுத்தைப் பிடித்தது, பிறகு சிரித்தது. கரையில் மர்ஜியா இரண்டு கையிலும் ஐஸ்கிரீமோடு வந்து நின்றாள். பெஞ்சைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், குளத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். சாகிரா ஒரு பார்வை பார்த்தாள். மர்ஜியா திறந்த வாயில் ஐஸ்கிரீமை வைத்துக்கொண்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பதினொரு பைகளுக்கு நடுவில் டவுசரோடு உட்கார்ந்திருந்தார் மீரான். யாரோ அவரைத் தாண்டிப் போனார்கள், யாரும் சிரிக்கவில்லை. ஜாவித் கரைக்கு வந்து, “அத்தா, துண்டு குடுங்க” என்றான். அவர் நீலப் பையைத் திறந்தார். மூடினார். பச்சைப் பையைத் திறந்தார். அதிலிருந்து அவருடைய மாற்றுச் சட்டையும் யாருடையதோ ஒரு பவுடர் டப்பாவும் வந்தன. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். மூன்றாவது பையைக் கவிழ்த்துவிட்டுக் குளத்துப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார்.

“சாகிரா! என் கண்ணாடி எந்தப் பையில இருக்கு?”

எந்தப் பை, எந்தப் பக்கம், எந்தத் துண்டின் மடிப்பு என்று அவளுக்குத் தெரியும். வாய்வரை வந்துவிட்டது. இனாயாவை நிமிர்த்தி நிறுத்திவிட்டு, மல்லாந்து படுத்துக் காதுவரை தண்ணீரில் அமிழ்ந்தாள்.

“தேடுங்க!” என்றாள்.